சென்னை–திருச்சி: எப்போது கிளம்பலாம்?

முதல்முறையாக நாங்களே கார் ஓட்டித் திருச்சிக்குப் போகிறோம். கூடவே வயதான மாமியாரும் ஆறு வயது மகனும். வெள்ளி இரவே கிளம்பிவிடலாமா?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

வெள்ளி இரவு வேண்டவே வேண்டாம்மா. ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் அன்றைக்கு ஜி.எஸ்.டி. சாலையில்தான் நிற்கும். பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள்ளேயே பையன் அழ ஆரம்பித்துவிடுவான். நன்றாகத் தூங்கி எழுந்து, சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குப் புறப்படுங்கள். 300 கி.மீ.க்குச் சற்று மேல்தான். நிறுத்தி நிறுத்திப் போனாலும் மதியச் சாப்பாட்டுக்குத் திருச்சியில் இருக்கலாம்.

வழி சுலபம். திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும், உளுந்தூர்பேட்டையில் சேலத்துக்கும் சாலை பிரியும். அந்த இரண்டு இடத்தில் மட்டும் பலகையைப் பார்த்து ஓட்டுங்கள். டிபன் விழுப்புரம் பக்கம் வைத்துக்கொள்ளலாம். மாமியார் தொடர்ந்து உட்கார்ந்தே வந்தால் கால் வீங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி, கைபிடித்துக் கொஞ்சம் நடக்கவிடுங்கள். பெரம்பலூருக்கு முன்னால் நெடுஞ்சாலையை ஒட்டியே ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. பலரும் பார்க்காமலே கடந்துபோகிற அருமையான இடம். வெயில் ஏறுமுன் பையனை அங்கே ஓடியாட விடுங்கள், மீதி தூரம் தூங்கிக்கொண்டே வருவான்.

டயருக்குக் காற்று, ஃபாஸ்டேகில் பணம் இரண்டையும் வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுங்கள். செங்கல்பட்டுக்கு முன்பே, பரனூரில் சுங்கச்சாவடி வந்துவிடும்.