கேமராவை மூடிய நாற்பது பேர்

தம்பி தங்கைகளே, இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். சிலர் டியூஷன் நடத்துகிறீர்கள். இன்னும் சிலர் இளம் விரிவுரையாளர்களாகச் சேர்ந்திருக்கிறீர்கள். இயங்கலைப் பாடம் ஒன்றை எப்படி அமைத்தால் மாணவர் நடுவில் நழுவிப் போகாமல் இருப்பார் என்பதை இம்முறை பார்ப்போம். இதில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி என் தவற்றிலிருந்து கற்றதுதான்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அப்போது டிப்ளோமா மாணவர்கள் நாற்பது பேருக்கு அடிப்படைப் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பறையில் இரண்டு மணி நேரம் பேசுவதை அப்படியே தூக்கி கூகுள் மீட்டில் வைத்தேன். திரையில் நாற்பது கறுப்புக் கட்டங்கள். "புரியுதா?" என்று கேட்டால் "ஓகே சார்" என்று எங்கிருந்தோ ஒரு வரி வரும். ஒருநாள் வகுப்பை முடித்து எல்லாருக்கும் நன்றி சொன்ன பிறகும் பதினொரு பேர் வெளியேறவில்லை. சந்தேகம் கேட்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதிலே இல்லை. கைப்பேசி மட்டும்தான் வகுப்பில் இருந்தது, ஆள் இல்லை.

முதலில் கோபம் வந்தது. பிறகு தேடிப் படித்தேன். எடெக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை காணொளிகள் பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் அவருடைய குழுவினரும் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பொதுவாக மாணவர்கள் அதைப் பார்த்த நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்றது அந்த ஆய்வு. நானோ 120 நிமிடம் பேசியிருக்கிறேன்!

சரி, பாடத்தை ஆறு ஆறு நிமிடமாக நறுக்கிவிட்டால் போதுமா? அதையும் செய்து பார்த்தேன். கொஞ்சம் உதவியது, அவ்வளவுதான். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. தொலைநிலைக் கல்வி அறிஞர் மைக்கேல் மூர் 1989-இல் மூன்று வகை ஊடாட்டங்களைப் பிரித்துக் காட்டினார்: மாணவருக்கும் பாடப்பொருளுக்கும், மாணவருக்கும் ஆசிரியருக்கும், மாணவருக்கும் மாணவருக்கும். என் வகுப்பில் மூன்றாவது சுத்தமாக இல்லை. கல்லூரியில் கென்டீனில் ஒருவன் இன்னொருவனிடம் "டேய், அந்தக் கணக்கு எப்படிடா?" என்று கேட்பதும் பாடம்தான். அது நாம் திட்டமிடாமலே நடந்துகொண்டிருந்தது. இயங்கலையில் அதைத் திட்டமிட்டால்தான் நடக்கும். சமூக ஊடகம் நமக்குத் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

இது கோவிட் காலக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 2008-இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் இருவரும் ஒரு பாடம் நடத்தினார்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 25 பேர். இலவசமாக இணையத்தில் சேர்ந்தவர்கள் 2,000-க்கும் மேல். மாணவர்கள் தங்கள் வலைப்பதிவுகளில் எழுதியதும் பேசியதும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

நான் செய்தது அதைவிடச் சின்ன வேலை. அடுத்த தவணையில் நாற்பது பேரையும் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து டெலிகிராமில் எட்டுக் குழுக்கள் அமைத்தேன். முதல் வாரம் விரிவுரையே இல்லை. "உங்கள் வட்டாரத்துக் கடையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் என்ன விலை? படம் எடுத்து விலையோடு போடுங்கள்" என்று மட்டும் கேட்டேன். 32 பேர் போட்டார்கள். ஒன்றரை ரிங்கிட், இரண்டு ரிங்கிட், முட்டையோடு மூன்று ரிங்கிட் என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு குறும்பன் மட்டும் ஹோட்டலில் வாங்கிய 18 ரிங்கிட் நாசி லெமாக்கைப் போட்டான். குழு முழுக்கச் சிரிப்பு. "இது என்ன, தங்கத்துல செஞ்ச சம்பாலா?" என்றாள் ஒருத்தி.

அந்தப் பதினெட்டு ரிங்கிட்தான் எனக்குக் கிடைத்த வரம். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சராசரி 2 ரிங்கிட் 50 சென். எடுத்துவிட்டால் 2 ரிங்கிட். விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணோ, சேர்த்தாலும் எடுத்தாலும் 2 ரிங்கிட்டிலேயே நின்றது. இதை நான் சொல்லவில்லை, அவர்களே கண்டுபிடித்து, ஏன் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் உள்ள வேறுபாட்டை முன்பெல்லாம் ஒரு மணி நேரம் விளக்குவேன். மறுவாரம் மறந்துவிடுவார்கள்.

ஆகவே கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் உழைப்பின் பாதி போக வேண்டும். எங்கிருந்தும் நகல் எடுக்க முடியாத, மாணவர் தன் ஊரிலிருந்து ஏதாவது கொண்டுவந்தால்தான் பதில் சொல்ல முடிகிற கேள்வியாக இருக்கட்டும். பதிவுகளின் எண்ணிக்கைக்கு மட்டும் மதிப்பெண் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பார்த்தேன். "அருமை", "ஏற்கிறேன்", "நானும்" என்று முப்பது பதிவுகள் வந்து விழுந்தன.

வாரக் கடைசியில் டெலிகிராமிலேயே ஐந்து கேள்வி வினாடி வினா ஒன்று வைப்பேன், மதிப்பெண் கிடையாது. திரும்பப் படிப்பதைவிடத் தன்னையே சோதித்துக்கொள்வது ஒரு வாரம் கழித்தும் அதிகமாக நினைவில் நிற்கிறது என்று ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் காட்டியிருக்கிறார்கள்.

இணைப்பு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 2020 ஜூனில் சபாவின் பித்தாஸ் வட்டாரத்து மாணவி ஒருவர் தேர்வு எழுத, அலைவரிசை தேடி மரத்தின் மேல் இரவு தங்கிய காணொளி நாடெங்கும் பரவியது நினைவிருக்கும். அதைப் பார்த்த பிறகு, கேமராவைத் திற என்று அடம்பிடிப்பதை விட்டேன். நேரலையை நாற்பது நிமிடமாகக் குறைத்தேன். வர முடியாதவர்களுக்கு அதன் ஒலிப்பதிவை மட்டும் அனுப்பினேன். காணொளியைவிட அதற்கு டேட்டா மிகக் குறைவு.

இன்னொன்று, புலனக் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். யாரென்றே தெரியாத ஒருவரிடமிருந்து இரவில் செய்திகள் வருவதாக ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகுதான் எனக்கு இது உறைத்தது. டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். முதல் நாளே எல்லாரையும் மறைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு வேலி வேண்டும். நான் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரைதான் பதில் சொல்வேன். இல்லாவிட்டால் வீட்டில் நமக்குச் சோறு கிடைக்காது.

அந்தப் பதினொரு பேரில் கோலசிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியும் இருந்தாள். முதல் தவணையில் தேர்ச்சி பெறவில்லை. படிப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னாள். சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். விசாரித்த பிறகு தெரிந்தது, வீட்டில் கைப்பேசி ஒன்றே ஒன்று. பகலில் அண்ணன் பொருள் விநியோக வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அவள் கைக்கு வரும்போது இரவு ஒன்பதரை. காலை பத்து மணி வகுப்பில் கைப்பேசியைத் திறந்து வைத்ததே அண்ணன்தானாம், தங்கைக்கு வருகையாவது பதிவாகட்டும் என்று.

அதே பாடத்தை அவள் மறுபடி எடுத்தபோது, வாரத்துக்குள் எந்த நேரத்திலும் முடிக்கலாம் என்ற விதி வந்திருந்தது. நாசி லெமாக் விலையை அவள் இரவு பதினொன்றுக்குப் போட்டாள், 1 ரிங்கிட் 20 சென். மூன்றாவது வாரம் அவள் குழுவில் ஒருவன் இடைநிலை அளவு விளங்கவில்லை என்று கேட்டிருந்தான். காலையில் நான் பார்ப்பதற்குள் அவளே ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். இரண்டு நிமிடம், பின்னால் தவளைச் சத்தம். "இப்ப நம்ம அஞ்சு பேரும் உயரத்துக்கு ஏத்த மாதிரி வரிசையா நிக்கிறோம்னு வச்சிக்கோ..." என்று ஆரம்பிக்கிறாள். அவளுடைய அனுமதியோடு, இப்போது ஒவ்வொரு தவணையும் அந்தப் பதிவைத்தான் புது மாணவர்களுக்கு அனுப்புகிறேன்.