கெக்கோவுக்கு வீடு கட்டும் பிள்ளைகளுக்கு

லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லியை வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்த நிறத்தில் வாங்கலாம் என்பதைத்தான். அதை எங்கே வைப்பது என்று கேட்பவர் குறைவு. பல்லி இனத்துக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கும், போதுமென்றால் குளிர்ந்த இடத்துக்கும் நடந்துபோய்த்தான் அது தன் உடம்பைப் பார்த்துக்கொள்கிறது. அப்படி நடந்துபோக வழி வைத்துத் தொட்டியை அமைக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு வேலைக்காகத்தான். டொரொண்டோவில் இருந்து எழுதுகிறேன். குளிர்நாடுகளில் வளரும் நம் பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

1. முதலில் சட்டத்தைக் கேளுங்கள்.
சிங்கப்பூரில் இதை வளர்க்க அனுமதியே இல்லை. மற்ற இடங்களில் நாட்டுக்கு நாடு, நகரத்துக்கு நகரம் விதி மாறும். சட்டம் சரியென்றால் அடுத்து ஆயுளைக் கணக்குப் பாருங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பத்து வயதில் வாங்கும் பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகும் அது அதே அறையில் இருக்கும். அப்போது யார் பார்ப்பது என்று அம்மா, அப்பாவோடு இப்போதே கதைத்து முடிவெடுங்கள்.

2. உயரத்தை விட்டுத் தரையைப் பாருங்கள்.
ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு என்று வறண்ட கல்லுப் பூமியில் பிறந்த உயிர் இது. நம் ஊர்ச் சுவர்ப் பல்லிக்கு இருக்கிற ஒட்டும் பாதம் இதற்கு இல்லை. கண்ணாடியில் ஏற மாட்டாது. தரையிலும் கற்களிலும்தான் நடமாடும். வளர்ந்தால் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் வரும். ஆகவே 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டி வாங்குங்கள். முன்பக்கம் கதவு திறக்கிற மாதிரி இருந்தால் நல்லது. மேலிருந்து இறங்கும் கையைப் பருந்து என்றே அது நினைக்கும்.

3. ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்.
தொட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்தால் நடந்துபோய் என்ன பயன்? சூடான முனையில் தரைப்பரப்பு 32 முதல் 34 டிகிரி இருக்கட்டும். மறுமுனை 25 டிகிரி அளவில் நிற்கட்டும். இரவில் 20 வரை இறங்கினாலும் பாதகமில்லை, அதன் ஊரிலும் இரவு குளிரும். சூட்டுக்கு மேலிருந்து ஹாலஜன் பல்பு போடலாம். அல்லது தொட்டிக்கு அடியில், கண்ணாடிக்கு வெளியே, ஹீட் மேட் ஒட்டலாம். மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போக வேண்டாம். கடையில் விற்கும் சூட்டுக் கல்லைத் தொடவே தொடாதீர்கள். வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

4. தெர்மோஸ்டாட் இல்லாமல் பிளக்கைச் செருகாதீர்கள்.
கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் 40 டிகிரியையும் தாண்டிவிடக்கூடும். தொட்டி அலங்காரத்தில் காசை மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பியைப் பல்லி இழுத்துவிடாதபடி சூடான இடத்திலேயே உறுதியாகப் பொருத்துங்கள். கம்பி குளிர்ந்த பக்கம் விலகிப் போனால், இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பவேண்டாம். அது சுவரின் சூட்டைச் சொல்லும். பல்லி படுப்பது தரையில். அகச்சிவப்பு வெப்பமானியைத் தரையை நோக்கிப் பிடித்துப் பாருங்கள்.

5. மறைவிடம் மூன்று.
சூட்டில் ஒன்று, குளிரில் ஒன்று, நடுவில் ஈரமாக ஒன்று. மறைவிடம் ஒன்றே ஒன்று என்றால், சூடா பாதுகாப்பா என்று அது தினமும் ஒன்றை இழக்க வேண்டிவரும். உடம்பு சுவரில் உரசும்படி நெருக்கமான பொந்துதான் அதற்குப் பிடிக்கும். ஈர மறைவிடத்துக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியோ கிச்சன் பேப்பரோ போட்டால் போதும். தோல் உரிக்க அந்த ஈரம் வேண்டும். இங்கே குளிர்காலத்தில் வீட்டுச் சூடேற்றி காற்றைக் காயவைத்துவிடுவதால் அடிக்கடி நனையுங்கள். உரித்த தோலை அதுவே தின்றுவிடும். ஆகவே உரித்ததைக் காணாமலே விட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு முறையும் விரல் நுனிகளைப் பாருங்கள். அங்கே ஒட்டிநிற்கும் பழைய தோல் காய்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரலே விழுந்துவிடும்.

6. தரைக்கு வெறும் மணல் வேண்டாம்.
"கால்சியம் மணல்" என்று பை பையாக விற்பார்கள். இரையோடு விழுங்கினால் குடலில் அடைக்கும். வாங்கிய புதிதில் கிச்சன் பேப்பர் விரியுங்கள். எச்சத்தைப் பார்த்து உடல்நலம் அறியலாம். பிறகு கற்பலகையோ சொரசொரப்பான தரை ஓடோ போடலாம். அவை சூட்டைப் பிடித்துவைக்கும். உரம் கலவாத மண் ஏழு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து இறுக்கிப் போட்டால் அதன் பிறந்த மண்ணுக்கு நெருங்கி வரும். பாரமான கல் வைத்தால் முதலில் தொட்டியின் அடித்தளத்தில் நிறுத்தி, பிறகு மண்ணைப் போடுங்கள். இது தோண்டும் உயிர். மண்மேல் நின்ற கல் சரிந்து அதன்மேலேயே விழும்.

7. வெளிச்சமும் தேவை.
மாலையிலும் விடியலிலும் நடமாடும் உயிர் என்பதால் புறஊதா ஒளியே வேண்டாம் என்று முன்பு சொல்வார்கள். இப்போது மென்மையான புறஊதா விளக்கு நல்லது என்றே அனுபவசாலிகள் சொல்கிறார்கள். உடம்பு விட்டமின் டி3 ஆக்க அது உதவும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும், இரவில் முழு இருட்டு. சிவப்புப் பல்பின் ஒளி பல்லியின் கண்ணுக்குத் தெரியாது என்பது வெறும் கதை. அல்பினோ வகைக்குக் கண் கூசும்; வெளிச்சத்தைக் குறையுங்கள்.

8. இடம் பார்த்து வையுங்கள்.
ஜன்னல் வெயில் கண்ணாடித் தொட்டியை அடுப்பாக்கிவிடும். வீட்டுச் சூடேற்றியின் காற்று வரும் துவாரத்துக்கு மேலும் வேண்டாம். குளிர்ந்த பக்கத்தில் ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணமும், சிறு மூடியில் டி3 கலவாத கால்சியம் தூளும் வையுங்கள். இரையாகப் போட்டு, அது தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை இரவே எடுத்துவிடுங்கள். அவை தூங்கும் பல்லியைக் கடிக்கும்.

9. ஒரு தொட்டிக்கு ஒன்று.
ஆணும் ஆணும் சண்டையிட்டுக் காயப்படும். பெண்கள் ஒன்றாகப் படுத்திருப்பதைப் பாசம் என்று எண்ணவேண்டாம். நல்ல இடத்துக்கான போட்டி அது. இளைத்துப்போவது எப்போதும் பலம் குறைந்ததுதான். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தொட்டிப் பாத்திரங்களைச் சமையலறையில் கழுவாதீர்கள். சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி, தங்கச்சி இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்.

10. வீடு முதலில், பல்லி பிறகு.
எல்லாம் பொருத்தி ஒரு வாரம் வெறுந்தொட்டியாக ஓடவிடுங்கள். காலை, மாலை, நள்ளிரவு என்று சூட்டை அளந்து எழுதுங்கள். எண் ஆடாமல் நின்றால் மட்டும் கடைக்குப் போங்கள். கொண்டுவந்த பிறகு ஒன்றிரண்டு வாரம் தூக்காதீர்கள். பயந்தால் வாலை உதிர்க்கும், அதன் கொழுப்புச் சேமிப்பெல்லாம் அந்த வாலில்தான். பகல் முழுக்கப் பொந்துக்குள் கிடக்கும். நண்பர்களுக்குக் காட்டவென்று மறைவிடத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற பிள்ளை மீன் தொட்டி வாங்கலாம். அதில் பகலிலேயே எல்லாம் தெரியும்.