சம்பளத்தில் ஒரு பேதம்

கேள்வி: வைத்தியக் கலாசாலைகளில் ரணசிகிச்சை செய்யும் பெண்களுக்கு ஊதியம் குறைவென்கிறார்களே, மெய்தானா?

பதில்: மெய்தான். அமெரிக்காவின் 24 அரசாங்க மருத்துவக் கலாசாலைகளைச் சேர்ந்த 10,241 வைத்தியர்களின் சம்பளத்தை ஆராய்ந்து 2016-இல் வெளியான கணக்கில், வயது, அனுபவம், பதவி, துறை, ஆராய்ச்சிப் பிரசுரங்கள் யாவற்றையும் சமப்படுத்திப் பார்த்த பின்னரும், ஆண்டுக்கு 19,878 டாலர் வித்தியாசம் எஞ்சி நின்றது. ரணசிகிச்சைப் பிரிவுகள் சிலவற்றில் அது பின்னும் அதிகம். பேரம் பேசத் தெரியாத பேதைமை என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். ஆனால், பேரத்துக்கே இடமின்றி ஒவ்வொரு சிகிச்சைக்கும் எல்லோருக்கும் ஒரே கட்டணம் விதித்துள்ள கனடாவின் ஒன்டாரியோவிலும், 2019-இல் பிரசுரமான ஆராய்ச்சிப்படி, ரணசிகிச்சை மேஜையருகே கழியும் ஒவ்வொரு மணிக்கும் பெண்கள் 24 சதவீதம் குறைவாகவே ஈட்டினார்கள். கை வேகத்தில் குறையில்லை. அதிக வருமானம் தரும் சிகிச்சைகள் பெரும்பாலும் ஆண்களையே சென்றடைந்தன.