கடந்தையும் குளவியும்: கிராம வீடுகளின் அருகே அவற்றை அறிதலும் அகற்றுதலும்

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமையில், குடியானவர் வீடும் தோட்டமும் ஒன்றையொன்று ஒட்டியே அமைந்திருக்கின்றன. வாசலில் வேம்பு, கொல்லையில் வாழையும் தென்னையும், வரப்பிற் பனை, அருகே மாட்டுத் தொழுவமும் வைக்கோற் படப்பும் உள்ள இடங்களில் குளவிகளும் கடந்தைகளும் கூடுகட்டுவது இயல்பே. இவற்றின் விஷயத்தில் நம்மவர் இருவகையாகத் தவறுகின்றனர். சிலர் கொட்டும் பூச்சி யாவும் ஒன்றே எனக் கருதிக் கண்ட கூட்டையெல்லாம் தீயிட்டு அழிக்கின்றனர். வேறு சிலர் நடைபாதையின் மேலேயே கடந்தைக் கூடு பானைபோற் பெருத்துத் தொங்கினும், அது நம்மை என்ன செய்யும் என்று வாளா இருந்துவிடுகின்றனர். முன்னதால் பயிருக்கு உதவும் ஜீவன்கள் வீணே மடிகின்றன. பின்னதால் மனித உயிருக்கே சேதம் விளைகிறது. ஆகையால் எதை விட்டுவைப்பது, எதை நீக்குவது, எப்படி நீக்குவது என்பனவற்றை இங்கு விளக்குவோம்.

1. இனங்களை அறியும் விதம்

கூட்டைப் பார்த்தே இனத்தைப் பெரும்பாலும் நிச்சயிக்கலாம். நம் வீடுகளின் அருகே காணப்படுபவை மூன்று வகையாம்.

(அ) மண்கூட்டுக் குளவி. இது சுவர் மூலையிலும், உத்திரத்திலும், கதவின் பூட்டுத் துவாரத்திலும், பம்புசெட்டின் சுவிட்சுப் பெட்டியிலும் ஈரமண்ணைக் கொணர்ந்து சிறு அறைகள் கட்டும். இது கூட்டமாக வாழ்வதன்று. ஒரு தாய் தனியே கட்டித் தனியே வாழ்வது. தன் கூட்டைக் காக்கவேண்டி மனிதரைத் துரத்துவதில்லை. கையில் அகப்பட்டு நசுங்கினாலன்றிக் கொட்டுவதும் அரிது. வீட்டில் இக்கூடு அமைந்தால் மகப்பேறு வாய்க்கும் என்று பெண்டிர் அதைக் கலையாது விடுவதுண்டு. அந்நம்பிக்கை எவ்வாறாயினும், விடுவது நன்றே.

குளவியானது புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே குளவியாக்கிவிடும் என்று நம் முன்னோர் கூறிவந்தனர். உண்மை வேறு. தாய்க்குளவி புழுவையோ சிலந்தியையோ கொட்டிச் செயலறச் செய்கிறது, கொன்றுவிடுவதில்லை. அதனைக் கூட்டறையில் இட்டு, அதனுடன் ஒரு முட்டையையும் வைத்து, வாயை மண்ணால் மூடிவிடுகிறது. முட்டையினின்று வெளிவரும் குளவிக்குஞ்சு அந்த இரையைத் தின்று வளர்ந்து, சிறகு முளைத்து, மூடியைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. உள்ளே சென்றது புழு, வெளிவந்தது குளவி எனக் கண்டோர் புழுவே குளவியாயிற்று என எண்ணியது வியப்பன்று.

(ஆ) காகிதக் கூட்டுக் குளவி. மரப்பட்டையையும் உலர்ந்த மரத்தையும் கடித்து மென்று, உமிழ்நீருடன் கலந்து, காகிதம் போன்ற பொருளாற் கூடு செய்வது இது. கூடானது ஒரு காம்பில் தொங்கும். அறைகள் கீழ்நோக்கித் திறந்திருக்கும். மேலே உறை இராது. இறவாரம், சன்னல், வேலிச்செடி ஆகியவற்றிற் சாதாரணமாய்க் காணலாம். ஒரு கூட்டில் சில பூச்சிகள் முதற் பல பத்துப் பூச்சிகள் வரை இருக்கும். தென்னிந்தியாவில் மிகுதியாயுள்ள ரோபலீடியா மார்ஜினேட்டா என்னும் இனம் இவ்வகையைச் சேர்ந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ராகவேந்திர கடக்கர் பல ஆண்டுகள் இதனை ஆராய்ந்து 2001-ல் ஒரு பெருநூல் வெளியிட்டிருக்கிறார். இவ்வினத்தில் அரசி இறந்துபோனால் வேலைக்காரிகளுள் ஒன்று அரசியின் ஸ்தானத்தை அடைந்து முட்டையிடத் தொடங்குகிறது. ஆகவே கூட்டை அகற்றாமல் இரண்டொரு பூச்சியை மட்டும் அடித்துக் கொல்வதாற் பயனில்லை.

(இ) கடந்தை. தஞ்சை முதலிய பகுதிகளிற் கதண்டு எனப்படுவது இதுவே. 'விஷ வண்டு' என்றும் சொல்வர். ஆனால் இது வண்டன்று, குளவியினத்திற் பெரியது. நம் நாட்டில் இரண்டினம் முக்கியமானவை. வெஸ்பா அபினிஸ் என்பதன் வயிற்றில் முதல் இரண்டு கணுக்கள் மஞ்சளாகவும் மற்றவை கருமையாகவும் இருக்கும். இது மரக்கிளை, புதர், பனை, கட்டடங்களின் மேற்பாகம் ஆகியவற்றிற் பெரிய உருண்டைக் கூடு கட்டும். வெஸ்பா டிராபிகா என்பதற்கு இரண்டாங் கணுவில் மட்டும் அகன்ற மஞ்சட் பட்டை காணப்படும். இது மரப்பொந்து, மண்ணிலுள்ள குழி போன்ற மறைவிடங்களை விரும்பும். இவ்விரண்டாவது இனம் காகிதக் கூட்டுக் குளவிகளின் கூட்டைக் கொள்ளையிட்டு அவற்றின் குஞ்சுகளைத் தின்பது. இறவாரத்தில் ஒரு கடந்தை தனியே சுற்றுவதைக் கண்டால், அது கூடுகட்ட வந்ததன்று, வேட்டைக்கு வந்தது எனவும் கொள்ளலாம்.

கடந்தைக் கூட்டின் அடையாளம் அதன் உறையே. உள்ளே அடுக்கடுக்காய் அறைத்தட்டுகள் இருக்க, வெளியே வரிவரியான காகித உறை முழுவதும் மூடியிருக்கும். ஒரு சிறு வாயில் மட்டும் தோன்றும். உறையுள்ள கூட்டைக் கண்டால் அணுகலாகாது என்பதே நினைவிற் கொள்ளவேண்டிய விதி.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளைச் சூழ்ந்து தொல்லை தரும் மஞ்சட் குளவிகள் வெஸ்புலா என்னும் வேறொரு சாதி. இந்தியாவில் அவை இமயமலை போன்ற குளிர்ந்த பிரதேசங்களில் உள்ளன. நம் சமவெளிக்கு உரியவை அல்ல. ஆதலால் அவற்றைப் பிடிக்க மேல்நாட்டார் சொல்லும் பொறிகளை வாங்கி நம்மவர் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை.

2. குளவியால் விளையும் நன்மை

காகிதக் கூட்டுக் குளவிகள் தம் குஞ்சுகளுக்குப் பயிரிலுள்ள புழுக்களைப் பிடித்து ஊட்டுகின்றன. மண்கூட்டுக் குளவிகளுட் பல இலைதின்னும் புழுக்களையே தேடிச் சேர்க்கின்றன. வீட்டினுள் வரும் பசுமை மின்னும் குளவி ஒன்று கரப்பானைக் கொட்டி வசப்படுத்தி, அதன் மீசையைப் பிடித்துக் கன்றை நடத்துவதுபோல் வளைக்கு இழுத்துச் செல்வது.

அன்றியும், விவசாய இலாகா நெல்வயலிற் கட்டச் சொல்லும் டிரைக்கோகிரம்மா அட்டைகளில் இருப்பனவும் குளவி இனமே. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இச்சிறு குளவிகள் நெற்பயிரின் குருத்துப் பூச்சி, இலைச்சுருட்டுப் புழு ஆகியவற்றின் முட்டைக்குள் தம் முட்டையை இட்டு, அப்பூச்சிகளைக் கருவிலேயே அழிக்கின்றன. குருத்துப் பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம், இலைச்சுருட்டுப் புழுவிற்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ், ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 5 கன சென்டிமீட்டர் என்பது கணக்கு. 2008-ல் கோயம்புத்தூரிற் காணப்பட்டுப் பப்பாளி, மல்பெரி முதலியவற்றைப் பாழாக்கிய மாவுப்பூச்சியை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வரவழைக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்னும் நுண்குளவியே அடக்கிற்று. மருந்தடித்தும் அடங்காதது குளவியால் அடங்கியது. குளவிக் குலம் முழுவதையும் பகையாக எண்ணுவது தகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

3. கொட்டும் இயல்பு

தேனீ மனிதரைக் கொட்டினால் அதன் கொடுக்கு தோலிற் சிக்கி அறுந்துவிடும். ஆகவே ஒருமுறையே கொட்டும். குளவிக்கும் கடந்தைக்கும் கொடுக்கு வழுவழுப்பானது. ஒன்றே பலமுறை கொட்ட வல்லது. கொட்டுவன பெண் பூச்சிகளே. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பின் திரிந்த வடிவமாதலால் ஆண் பூச்சிக்கு அது கிடையாது. கடந்தையின் விஷத்திலுள்ள ஒருவகை வாசனை மற்றக் கடந்தைகளையும் சினமூட்டி அழைக்கும். ஆதலால் ஒன்றை நசுக்கிக் கொன்றவனைப் பல தொடர்கின்றன.

விஷத்தால் வரும் தீங்கு இருவகை. சிலருக்கு உடல்வாகினால் ஒரே கொட்டிலும் சில நிமிஷங்களில் உடல் முழுதும் தடிப்பு, தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் உண்டாகி உயிருக்கு ஆபத்து நேரும். மற்றவர்க்கும் பல கடந்தைகள் கொட்டினால் விஷத்தின் அளவு மிகுந்து, தசை சிதைந்து, சிறுநீரகம் பழுதடையும். இது உடனே தெரியாது. சில மணி நேரமோ இரண்டொரு நாளோ கழித்துச் சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போகும்போதே வெளிப்படும். வலி தணிந்தது எனக் கருதி வீட்டிலிருந்து விடுவது பெருந்தவறு. இலங்கையிலும் வெஸ்பா அபினிஸ் கொட்டியதால் மரணங்கள் நேர்ந்ததை வைத்தியர்கள் எழுதியிருக்கின்றனர்.

4. கூட்டை அகற்றும் முறை

மண்கூடு: சுவிட்சுப் பெட்டி, குழாய்வாய் போன்ற இடைஞ்சலான இடமானால், மின்சாரத்தை நிறுத்தியபின் சுரண்டி எடுத்துத் துவாரத்தை அடைத்துவிடலாம். மற்ற இடங்களில் விட்டுவிடுக.

காகிதக் கூடு: ஆட்கள் நடமாடாத இடத்திலிருந்தால் விட்டுவிடுக. வாசற்படியிலோ, குழந்தைகள் விளையாடும் இடத்திலோ இருந்தால் இருட்டியபின், உடல் முழுதும் கெட்டித் துணியால் மூடி, முகத்திற்கும் கண்ணுக்கும் வலையிட்டு, சவர்க்காரம் கரைத்த நீரைக் கைத்தெளிப்பானால் கூடு முழுதும் நனையத் தெளிக்கவேண்டும். அந்நீர் பூச்சியின் மூச்சுத் துவாரங்களை அடைத்துக் கொன்றுவிடும். பின் கூட்டைக் கழியால் தட்டி எடுத்துப் புதைத்துவிடலாம். ஏணியில் நின்றுகொண்டு இதைச் செய்யலாகாது. பூச்சியினும் வீழ்ச்சி கொடிது. முன்னர் குளவி கொட்டி உடல் முழுதும் தடித்தவர் எவரும் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

கடந்தைக் கூடு: இதை வீட்டார் தாமே அகற்ற முயலலாகாது. தீயணைப்பு மீட்பு நிலையத்திற்கு 101 அல்லது 112 என்னும் எண்ணிற் செய்தி சொல்லி, அவர்கள் வரும்வரை அவ்வழியை அடைத்து, கால்நடைகளை அவிழ்த்து அப்பாற் கட்டுக. கல்லெறிதல், வெடி வெடித்தல், புகையிடுதல், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கொண்டு அடித்தல் ஆகிய யாவும் அபாயகரமானவை.

பனையில் உள்ள கூட்டுக்குத் தீப்பந்தம் நீட்டுவது நம் பக்கத்திற் சிலருக்கு வழக்கம். உலர்ந்த ஓலை பற்றி மரமே கருகும். பொறி கூரையிலோ படப்பிலோ விழுந்தால் வீடும் போகும். எரியும் கூடு கீழே விழ, எஞ்சிய பூச்சிகள் பந்தத்தின் ஒளியை நோக்கி வரும். 2021-ம் ஆண்டு வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில், பனையை வெட்ட ஜில்லா கலெக்டரின் அனுமதி வேண்டும் என அரசாங்கம் அறிவித்தது. வெட்டாமற் காக்க வேண்டிய மரத்தை ஒரு கூட்டின் பொருட்டுக் கொளுத்துவது முறையாகாது.

வருமுன் காப்பதே எளிது. மாதம் ஒருமுறை இறவாரம், தொழுவம், பம்புசெட் அறை, படப்பு, வேலி ஆகியவற்றைச் சுற்றிப் பார்க்கவேண்டும். கடந்தைக் கூடும் தொடக்கத்தில் எலுமிச்சம்பழ அளவினதே. பெரும்பாலும் அப்போது தாய் ஒன்றே இருக்கும். அந்நிலையிற் கண்டு சொன்னால் நீக்குவது சுலபம். சுவரின் பொந்துகளை அடைத்தும், அழுகிய வாழைப்பழம், பதநீர் சிந்திய கலயம் முதலிய இனிப்புப் பண்டங்களை வீட்டருகே போடாமலும் இருந்தால் அவற்றின் வரவு குறையும்.

5. கொட்டுண்டவர்க்குச் செய்யவேண்டியவை

கடந்தைகள் சூழ்ந்தால் கையை வீசி அடிக்காமல், துண்டாலோ சேலைத் தலைப்பாலோ முகத்தை மூடிக்கொண்டு விரைந்தோடி வீட்டினுட் புகுந்து கதவைச் சாத்துக. கிணற்றிலோ கால்வாயிலோ குதிக்கலாகாது. பின்னர், கொட்டிய இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த நீர்த்துணி இடுக. மோதிரம், வளையல்களை வீங்குமுன் கழற்றுக. சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் பூசிக்கொண்டு காலம் போக்கலாகாது.

மூச்சுத் திணறல், மயக்கம், முகவீக்கம், வாந்தி இவற்றுள் ஒன்று தோன்றினாலும், பத்துக்கு மேற்பட்ட கொட்டு இருந்தாலும், கொட்டுண்டவர் குழந்தையோ முதியவரோ கர்ப்பிணியோ ஆனாலும், 108 வண்டியை அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கடும் ஒவ்வாமைக்கு உயிர்காக்கும் மருந்து தொடையில் ஊசியாக இடும் அட்ரினலின் ஒன்றே; அதற்கு நிமிஷமும் பொன்போன்றது.

6. கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

கால்வாய் தூர்வாருதல், கரையிற் புதர் வெட்டுதல், கோயில் திருவிழா, பள்ளிக்கூடம் திறத்தல் ஆகியவற்றிற்கு முந்திய நாளே அவ்விடத்தைச் சுற்றிப் பார்க்கச் செய்வது கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் மேற்கொள்ளத்தக்க கடமை. அரிவாள் புதரில் விழுந்தபின் கூட்டைக் காண்பதால் யாருக்கும் பயனில்லை. பனையேறிகளும் ஆடு மேய்ப்பவருமே கூடுகளை முதலில் அறிவோராதலால், அவர்களிடம் கேட்டறிந்து, கூடுள்ள மரத்தின் அருகே எச்சரிக்கைத் துணி கட்டிவைக்கலாம். தீயணைப்பு நிலையம், அருகிலுள்ள ஆஸ்பத்திரி ஆகியவற்றின் எண்களைச் சாவடியிலும் ரேஷன் கடையிலும் யாவரும் காண எழுதிவைப்பது நலம்.

மண்கூட்டை விடுக, காகிதக் கூட்டை இடம் பார்த்து விடுக அல்லது விலக்குக, உறையுள்ள கடந்தைக் கூட்டைத் தொடாது தக்காரை அழைக்க, கொட்டுண்டாரைத் தாமதியாது ஆஸ்பத்திரி சேர்க்க. இந்நான்கையும் மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் தத்தம் ஊராருக்கு எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.