மொத்தத்தைப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றாகப் பாருங்கள்



பென்சிலின் வகை மருந்துகளை இன்று பாமசியில் சாதாரணமாக வாங்குகிறோம். 1941இல் நிலைமை வேறு. ஒக்ஸ்போர்ட்டில் அல்பேர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்கு அம்மருந்தை ஏற்றினார்கள். அவர் தேறி வந்தார். ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. அவரது சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றியும் போதவில்லை, மனிதர் இறந்துபோனார். சரக்கு நல்லது, கையிருப்பு இல்லை.

காரணம், 1928இல் பிளெமிங் கண்ட பூஞ்சணம் மில்லிலீற்றருக்கு ஓரிரு யூனிட் மாத்திரமே தந்தது. பின்னர் அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வுகூடம் பல இடங்களின் பூஞ்சணங்களைச் சேகரித்துச் சோதித்தது. சிறந்தது 1943இல் உள்ளூர்ச் சந்தையின் அழுகிய முலாம்பழம் ஒன்றில் கிடைத்தது!

அத்தோடு நிற்கவில்லை. அதன் வித்திகளில் எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் படச் செய்தார்கள். பெரும்பாலானவை செத்தன. தப்பியவற்றைத் தனித்தனியாக வளர்த்து, நம்பர் போட்டு, ஒவ்வொன்றும் தரும் மருந்தை அளந்தார்கள். அநேகமானவை தாயை விடக் குறைவாகவே தந்தன. கூடத் தந்த ஒன்றை வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். எக்ஸ்-1612 சுமார் 500 யூனிட் தந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் கியூ-176 சுமார் 900 தந்தது. பிற்காலத்தில் பக்ரீரியாவிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் இதே வழிதான்.

இதில் நமக்குள்ள பாடங்கள்:

1. அளக்காமல் தெரிவு செய்ய முடியாது. பார்வைக்கு எல்லாப் பூஞ்சணமும் ஒன்றுதான்.

2. விளைச்சல் மட்டும் போதாது. கியூ-176 மஞ்சள் சாயத்தையும் கக்கியது, சுத்திகரிப்பு சிரமமானது. எனவே சற்றுக் குறைவாகத் தந்தாலும் சாயமில்லாத இனத்தைத் தெரிந்து, அதிலிருந்து மறுபடி விளைச்சலை உயர்த்தினார்கள்.

3. நல்ல இனமும் திரும்பத் திரும்ப வளர்க்கும்போது தரம் குன்றும். ஆகவே தாய் இனத்தை உறையவைத்து உலர்த்திப் பத்திரப்படுத்துவார்கள்.

நானும் பல வருடங்கள் மொத்த விற்பனையை மட்டும் பார்த்து, "கடை நன்றாகப் போகிறது" என்றிருந்தவன்தான். ஒருமுறை சாமான் சாமானாகக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். அதிகம் விற்ற சாமான் கடனில் போய்த் திரும்பாதது. என்னுடைய மஞ்சள் சாயம் அதுதான். குடும்பத்தைக் காப்பாற்றியது மூலை றாக்கையில் கிடந்த மூன்று சாமான்கள்.

ஸகாத்துக்காக வருடந்தோறும் இருப்பு எடுக்கிறோம். அன்றே ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே லாபம், கடன், தேக்கம் மூன்றையும் எழுதிப் பாருங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று கொப்பியே சொல்லும்.

அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.