‘இலவச’ விமானச் சீட்டின் விலை என்ன? பயணப் புள்ளி தரும் கடனட்டையைத் தெரிவு செய்தல்

கண்டி கொழும்பு வீதியில் புடைவைக் கடை நடத்தும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். லுஹர் தொழுதுவிட்டு அவர் கடைக்குத் திரும்பும் நேரத்தில், கையில் கோவையுடன் ஓர் இளைஞர் வந்து நிற்கிறார். “ஹாஜியார், முதல் வருடம் கட்டணமே இல்லை. நீங்கள் எப்படியும் செலவழிக்கிற காசுதானே, அதை இந்தக் கார்டில் போடுங்கள். புள்ளிகள் சேர்ந்தால் உம்ராவுக்கே சும்மா போய் வரலாம்” என்கிறார். ஹாஜியார் பேனாவை எடுக்கிறார்.

அந்தப் பேனாவைச் சற்று நிறுத்தி வைப்பதே இவ்வாரப் பாடத்தின் நோக்கமாகும். பயணப் புள்ளி தரும் கடனட்டை எல்லோருக்கும் கெட்டது என்பதல்ல நமது வாதம். வருடத்தில் மூன்று நான்கு தடவை பாங்கொக், குவாங்சூ, சென்னை, துபாய் என்று சரக்குப் பார்க்கப் போகும் வியாபாரிக்கு அதில் உண்மையான பலன் இருக்கலாம். ஆனால் ஒரு மூடை மிளகை நிறுத்துப் பார்க்காமல் வாங்காத நாம், ஒரு கடனட்டையை நிறுத்துப் பார்க்காமல் வாங்குவது ஏன்?

புள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

விமானப் பயணத்துக்கு மைல் கணக்கில் சன்மானம் தரும் முறையை 1981இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கியது. 1987இல் சிட்டி வங்கியுடன் சேர்ந்து, கடனட்டையில் செலவு செய்தாலும் மைல் கிடைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அன்று முதல் விமானத்தில் ஏறாதவரும் மைல் சேர்க்கலாயினர். வங்கி அந்த மைல்களை விமான நிறுவனத்திடமிருந்து பணம் கொடுத்தே வாங்குகிறது.

அந்தப் பணம் வங்கிக்கு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, அட்டையின் வருடாந்தக் கட்டணம். இரண்டாவது, கடைக்காரர் தனது அட்டை இயந்திரத்துக்காக ஒவ்வொரு விற்பனையிலும் வங்கிக்கு விட்டுக்கொடுக்கும் தரகு. மூன்றாவது, நிலுவையை முழுமையாகக் கட்டாதவர்கள் செலுத்தும் வட்டி.

இரண்டாவதைக் கவனியுங்கள். நமது கடை இயந்திரத்தில் வாடிக்கையாளர் அட்டையை இழுக்கும்போது, அவர் பெறும் புள்ளிக்கான செலவில் ஒரு பகுதி நமது இலாபத்திலிருந்தே போகிறது. ஆகவே புள்ளி என்பது யாரோ தரும் அன்பளிப்பல்ல. வியாபாரி கொடுப்பதில் ஒரு சிறு பகுதி, வேறொரு வாசல் வழியாக வியாபாரிக்கே திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக் கொண்டவை. உங்கள் வங்கியின் எண்களை அந்த இடங்களில் போட்டுக் கொள்ளுங்கள்.

நமது ஹாஜியார் மாதம் 150,000 ரூபாவை எரிபொருள், தொலைபேசி, மின்சாரம், வீட்டுச் சாமான் என்று அட்டையில் செலவிடுகிறார். 100 ரூபாவுக்கு ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளை மாற்றினால் ஒரு மைல். அப்படியானால் மாதம் 1,500 புள்ளிகள், அதாவது 750 மைல்கள். வருடத்துக்கு 9,000 மைல்கள்.

அவர் விரும்பும் பயணத்துக்கு 18,000 மைல்கள் தேவை என்போம். சந்தையில் அச்சீட்டின் விலை 70,000 ரூபா. ஆனால் மைலில் எடுக்கும் சீட்டுக்கும் விமான நிலைய வரிகளையும் ஏனைய கட்டணங்களையும் காசாகவே கட்ட வேண்டும். அது 25,000 ரூபா எனில், 18,000 மைல்கள் மிச்சப்படுத்துவது 45,000 ரூபா மட்டுமே. ஒரு மைலின் உண்மைப் பெறுமதி இரண்டரை ரூபா.

எனவே ஒரு வருடத்தில் சேரும் 9,000 மைல்களின் பெறுமதி 22,500 ரூபா. வருடாந்தக் கட்டணம் 12,000 ரூபாவைக் கழித்தால் மிஞ்சுவது 10,500 ரூபா. பதினெட்டு இலட்சம் ரூபா செலவழித்த பின் கையில் நிற்கும் தொகை இதுதான்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். ஒரு மாதம் பெருநாள் சரக்குக்குப் பணம் முடங்கிவிட்டதால், ஹாஜியார் 150,000 ரூபா நிலுவையைக் கட்டாமல் விட்டுவிடுகிறார். வட்டி ஆண்டுக்கு 28 சதவீதம் எனக் கொண்டால் மாதத்துக்கு 3,500 ரூபா. மூன்று மாதங்கள் அப்படியே இழுபட்டால் 10,500 ரூபா. ஒரு வருடமாகச் சேர்த்த பலன் முழுவதும் போயிற்று. தாமதக் கட்டணத்தையும், வட்டிக்கு மேல் ஏறும் வட்டியையும் நாம் இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை.

வட்டி வீதமும் நிலையானதல்ல. 2020 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்ற உச்சவரம்பை விதித்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் அந்த வரம்பு நீங்கியது. அடுத்து வந்த மாதங்களில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்ட வீதங்களை வாடிக்கையாளர்கள் கண்டனர். அட்டை எடுத்த நாளில் இருந்த வீதமே கடைசிவரை இருக்கும் என்று எவரும் எண்ணிவிடலாகாது.

வட்டி பற்றிய நிபந்தனை

வட்டியைத் தவிர்க்க விரும்பும் வாசகர்களுக்கு இங்கு இன்னொரு கேள்வியும் உண்டு. “நான் தவணைக்குள் முழுவதையும் கட்டிவிடுவேன், எனக்கு வட்டி வராது” என்று பலர் கூறுவர். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 2000 செப்டெம்பரில் ரியாதில் நடத்திய 12ஆவது அமர்வில் நிறைவேற்றிய 108ஆம் இலக்கத் தீர்மானம் இதையே ஆராய்ந்தது. வட்டி நிபந்தனை உள்ள, கணக்கில் பணமில்லாமல் கடனாக இயங்கும் அட்டையை, தவணைக்குள் கட்டும் எண்ணம் இருந்தாலும் பெறுவதும் பயன்படுத்துவதும் கூடாது என்பதே அதன் முடிவு. ஒரு சதமேனும் வட்டி விழாதபடி உறுதியான ஏற்பாட்டுடன் பயன்படுத்த இடமளித்த அறிஞர்களும் உள்ளனர். எனவே கையொப்பமிடும் முன் தாம் நம்பும் ஆலிமிடம், ஒப்பந்தப் படிவத்தையே காட்டிக் கேட்டுக் கொள்வது நல்லது.

கணக்கிலுள்ள சொந்தப் பணத்தையே எடுக்கும் டெபிட் கார்ட், அதாவது பற்றட்டை, இந்தச் சிக்கலுக்கு வெளியே நிற்கிறது. 2011இல் செயற்படத் தொடங்கிய அமானா வங்கி உட்பட நாட்டின் வங்கிகள் பலவும் அதனை வழங்குகின்றன. புள்ளிகள் குறைவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் விமான நிறுவனத்தின் உறுப்புரிமை இலவசமானது. நாம் பறக்கும் மைல்கள் எந்தக் கடனட்டையும் இன்றியே கணக்கில் சேரும். நம்மில் பலர் வருடக்கணக்காகப் பறந்தும் இந்த உறுப்புரிமை எண்ணைச் சீட்டில் பதிவதில்லை. முதலில் செய்ய வேண்டிய வேலை அதுவே.

தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை

1. நீங்கள் எங்கே பறக்கிறீர்கள்? அட்டையைப் பார்க்கும் முன் கடந்த மூன்று வருடக் கடவுச்சீட்டு முத்திரைகளைப் பாருங்கள். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே 1 முதல் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது. கட்டார் எயார்வேய்ஸ், மலேசியா எயார்லைன்ஸ், கத்தே பசிபிக் என்பனவும் அதில் உள்ளன. ஆகவே ஸ்ரீலங்கனின் ஃப்ளைஸ்மைல்ஸ் கணக்கில் சேர்வதை அவற்றிலும் பயன்படுத்த வழியுண்டு. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. அதன் ஸ்கைவர்ட்ஸ் தனியானது. சவூதியா ஸ்கைடீம் கூட்டணியிலும், சிங்கப்பூர் எயார்லைன்ஸ் ஸ்டார் கூட்டணியிலும் உள்ளன. துபாய்க்கு ஒன்று, ஜித்தாவுக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று என மைல்கள் சிதறினால் எதுவும் ஒரு சீட்டாக முடியாது.

2. புள்ளியா, மைலா? ஒரே விமான நிறுவனத்தின் மைலாக நேரடியாகச் சேரும் அட்டை ஒரு வகை. வங்கிப் புள்ளியாகச் சேர்ந்து, பின்னர் விரும்பிய இடத்துக்கு மாற்றத்தக்க அட்டை இன்னொரு வகை. வழமையாக ஒரே வழியில் பறப்பவருக்கு முதலாவதும், வழி மாறி மாறிப் பறப்பவருக்கு இரண்டாவதும் பொருந்தும். மாற்றும் வீதம், மாற்றுவதற்கான கட்டணம், காலாவதித் திகதி ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

3. எந்தச் செலவுக்குப் புள்ளி இல்லை? எரிபொருள், அரச கட்டணங்கள், தவணை முறைக் கொள்வனவு போன்றவற்றுக்குப் பல அட்டைகள் புள்ளி தருவதில்லை, அல்லது குறைத்துத் தருகின்றன. உங்கள் செலவில் பெரும்பகுதி அதுவாக இருந்தால் மேற்சொன்ன கணக்கு பாதியாகிவிடும்.

4. வெளிநாட்டில் இழுத்தால் என்ன ஆகும்? வெளிநாட்டு நாணயத்தில் செலவிட்டால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் அரச முத்திரைத் தீர்வையும் சேரும். மொத்தம் 3 சதவீதம் என்று வைத்தாலும், நமது கணக்கில் புள்ளியால் கிடைப்பது ஒன்றேகால் சதவீதமே. பாங்கொக்கில் 200,000 ரூபா செலவிட்டால் போவது 6,000 ரூபா, வருவது 2,500 ரூபா. இரட்டைப் புள்ளி தந்தாலும் 5,000 ரூபாதான். டொலராக வாங்கிச் செல்வதிலும் மாற்று இழப்பு உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். அங்குள்ள இயந்திரம் “ரூபாவிலா, உள்நாட்டு நாணயத்திலா?” என்று கேட்டால் உள்நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். ரூபாவைத் தெரிந்தால் அவர்கள் போடும் மாற்று வீதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

5. சரக்குக்கு அட்டையைப் பயன்படுத்தலாமா? 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அட்டை அனுமதிக்கப்படுவது தனிப்பட்ட தேவைகளுக்கே. குவாங்சூவில் ஒரு கொள்கலன் சரக்குக்கு முற்பணத்தை அட்டையில் இழுத்துப் புள்ளி சேர்க்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்க வேண்டாம். இறக்குமதிப் பணம் வங்கியின் இறக்குமதிப் பிரிவினூடாகவே போகட்டும்.

6. காசாக எடுக்காதீர்கள். கடனட்டையால் ஏ.ரி.எம். இயந்திரத்தில் பணம் எடுத்தால் தவணைச் சலுகை கிடையாது. கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு, புள்ளி மட்டும் இல்லை.

சேர்த்து வைப்பதும் ஆபத்து

புள்ளி என்பது வங்கியிலிருக்கும் வைப்பு அல்ல. விதிகளை மாற்றும் உரிமை வழங்குபவரிடமே உள்ளது. இன்று 18,000 மைலுக்குக் கிடைக்கும் சீட்டுக்கு நாளை 25,000 கேட்கலாம். 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸ் ஸ்ரீலங்கனை நிர்வகித்த காலத்தில் இரண்டுக்கும் ஸ்கைவர்ட்ஸ் பொதுவாக இருந்தது. அந்த உறவு முடிந்ததும் ஸ்ரீலங்கன் தனி வழி சென்றது. கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் முதல் 2021 ஜனவரி வரை கட்டுநாயக்க விமான நிலையம் வழமையான பயணிகளுக்கு மூடிக்கிடந்தபோது, மைல் வைத்திருந்தவர் அதை வைத்து ஒரு பிளேன்ரீயும் குடித்திருக்க முடியாது. ஆகவே ஒரு சீட்டுக்குப் போதியளவு சேர்ந்ததும் எடுத்துவிடுவதே புத்தி.

இன்னொன்று: கடனட்டைத் தவணை தவறினால் அது ‘கிறிப்’ எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பதிவாகும். நாளை அக்குறணையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ புதிய கிளை திறக்க வங்கி வசதி கேட்கும்போது, அந்தச் சிறு தவறு முன்னால் வந்து நிற்கும். ஒரு விமானச் சீட்டுக்காக வியாபாரத்தின் நம்பிக்கையை ஈடு வைப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

இவ்வாரப் பயிற்சி

கடந்த மூன்று மாதச் செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதில் அட்டையில் போகக் கூடியது, புள்ளி கிடைக்கக் கூடியது எவ்வளவு எனப் பிரியுங்கள். வருடத்துக்கு எத்தனை மைல்கள், அவற்றின் ரூபாப் பெறுமதி என்ன என்று மேலே காட்டியபடி கணக்கிடுங்கள். வருடாந்தக் கட்டணத்தைக் கழியுங்கள். கடைசியாக ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுங்கள்: கடந்த பன்னிரண்டு மாதங்களில், ஏதேனும் ஒரு மாதம் கைக்காசு தட்டுப்பட்டு யாருக்காவது கொடுக்க வேண்டியதைத் தள்ளிப் போட்டீர்களா?

“ஆம்” என்பது பதிலானால், எந்தக் கடனட்டையும் உங்களுக்கு இலவசப் பயணம் தராது. “இல்லை” என்றால், மிஞ்சும் தொகை உங்கள் கண்முன் இருக்கிறது. அது பெறுமதியானதா என்பதை, கோவையுடன் வரும் இளைஞர் அல்ல, நீங்களே முடிவு செய்யுங்கள்.