மாட்டுறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணியில போடுங்க

வில்லியனூர், பாகூர்னு சுத்துற வரைக்கும் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் தேவைப்படாது. லக்கேஜோட ஏற்காடு ஏறும்போதுதான் தேவை. வேகம் குறைஞ்சா எஞ்சின்ல படுற காத்தும் குறையும், ஆயில் சூடாகி இளகும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ல ஆயில் கூலர் வெச்சாங்க, ஆனா மீட்டர் வைக்கலை!

ஆயில் ஊத்துற மூடிக்குப் பதிலா திருகுற வகை சுலபம், ஒயரிங் கிடையாது. வாங்கினதும் அதோட கம்பியைக் கொதிக்கிற தண்ணியில முக்குங்க. நம்ம ஊர் கடல் மட்டத்துல இருக்கு, அதனால 100 டிகிரி காட்டணும். (ஊட்டின்னா சுமார் 93தான்.) என்னோடது 88 காட்டுச்சு. அதை நம்பி மலை ஏறியிருந்தா? திருப்பிக் கொடுத்து வேற வாங்கினேன்.

அடுத்து, பழைய மூடியோட வெச்சு மரையையும் நீளத்தையும் அளங்க. வெர்னியர் லேப்ல சும்மாதானே கிடக்கு. கம்பி குட்டையா இருந்தா ஆயிலைத் தொடாது, உள்ளே இருக்கிற காத்தோட சூட்டைத்தான் காட்டும். நீளமா இருந்தா உள்ளே சுத்துறதுல இடிக்கும், எஞ்சின் போச்சு.

எஞ்சின் ஆறினதும் மூடியைச் சுத்தி மண்ணைத் துடைங்க. ஓ ரிங்ல கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே திருகுங்க. 90-லிருந்து 110 வரைக்கும் சாதாரணம். 130-ஐ நெருங்கினா நிழல் பார்த்து நிறுத்தி, டீ குடிங்க. பழைய மூடியைப் பையிலேயே வெச்சிருங்க, வழியில மீட்டர் உடைஞ்சா அதுதான் வீடு சேர்க்கும்.